தொடையை அளந்த பிறகு வாங்குங்கள்

கேள்வி:

“எனக்கு வயது 26. கொட்டகலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். பாடசாலை ஆசிரியை. நான்கு மாதங்களாக, பாடசாலை விட்டதும் ஹட்டனில் ஒரு ஜிம்முக்குப் போகிறேன். தொடைகள் ஒன்றோடொன்று உரசிப் புண்ணாவதால் இணையத்தில் ஒரு கம்ப்ரஷன் ஷோர்ட்ஸ் (உடம்போடு ஒட்டி இறுக்கிப் பிடிக்கும் அரைக் காற்சட்டை) வாங்கினேன். என் இடுப்பு 29 அங்குலம் என்பதால் எம் சைஸ் எடுத்தேன். இடுப்பில் சரியாக நிற்கிறது, ஆனால் தொடையில் கால் விளிம்பு சுருண்டு மேலே ஏறிவிடுகிறது. ‘இறுக்கமாக இருந்தால்தான் பலன், கொழுப்பும் கரையும், அடுத்த முறை எஸ் சைஸ் எடுங்கள்’ என்கிறார் ஜிம் மாஸ்டர். ‘இதையெல்லாம் போட்டுக்கொண்டு எப்படி வெளியே போவாய்’ என்கிறார் அம்மா. நான் காலையில் சேலைக்குள் அணிந்தால் மாலை வீடு திரும்பும்வரை கழற்றுவதில்லை. நல்ல அளவு எப்படிப் பார்ப்பது? மழைக்காலத்தில் காயாததால் அடுப்புக்கு மேல் கொடியில் போடுகிறோம், அது சரியா? இன்னொன்று, சில வாரங்களாக வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போனது போல் இருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை.”

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். தொடை மரத்துப்போகிறது என்றால் அந்த ஷோர்ட்ஸை இன்றிலிருந்து அணிய வேண்டாம். போட்ட காசு வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம்.

உங்கள் இடுப்பின் முன்பக்கத்தில், வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும், கையை வைத்தால் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதற்குச் சற்று உட்புறமாக ஒரு மெல்லிய நரம்பு வயிற்றுப் பகுதியிலிருந்து தொடைக்கு இறங்குகிறது. தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி கொடுப்பது மட்டுமே அதன் வேலை. இறங்கும் இடத்தில் அதற்கு இருக்கும் வழி மிகக் குறுகலானது. அந்த இடத்தை ஓர் இறுக்கமான பட்டி நாள்தோறும் அழுத்திக்கொண்டே இருந்தால் தொடையின் வெளிப்புறத்தில் மரமரப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, சில வேளை எரிச்சல் வரும். இதை மருத்துவத்தில் மெரால்ஜியா பாரஸ்தெட்டிக்கா என்பார்கள். இறுக்கமான ஜீன்ஸ் அணிபவர்களிடமும், இடுப்பில் கனமான பெல்ட் கட்டும் வேலை செய்பவர்களிடமும், கர்ப்பிணிகளிடமும் இதைப் பார்க்கிறோம்.

உங்களை நேரில் பரிசோதிக்காமல் இதுதான் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் ‘சேலைக்குள்’ என்ற ஒரு சொல் என் சந்தேகத்தைப் பலப்படுத்துகிறது. சேலை நழுவாமல் இருக்க உள்பாவாடை நாடாவை நாம் எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோம்! அந்த நாடா உங்கள் ஷோர்ட்ஸின் இடுப்புப் பட்டிக்கு மேலேயே விழுகிறது. ஏற்கெனவே இறுகிய பட்டியின் மேல் இன்னொரு கயிறு. அதோடு காலை ஏழரை மணியிலிருந்து வகுப்பில் நிற்கிறீர்கள், பிறகு பஸ், பிறகு ஜிம். பாரம் தூக்கும்போது ஜிம்மில் இருக்கும் அகலமான தோல் பெல்ட்டையும் நீங்கள் கட்டுபவராக இருந்தால், மூன்றாவது அழுத்தமும் அதே இடத்தில்தான்.

அழுத்தத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், இது தானாகவே சரியாகிவிடும். பாவாடை நாடாவை ஒரு விரல் அளவு மேலே அல்லது கீழே மாற்றிக் கட்டுங்கள். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி வைத்துத் தைத்த பாவாடை இன்னும் நல்லது. கால் பலம் குறைவது, முழங்கால் மடங்கிப்போவது, முதுகிலிருந்து காலுக்கு வலி இறங்குவது, சிறுநீர் கழிப்பதில் மாற்றம், இவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்காதீர்கள். அது இந்தச் சிறிய நரம்பின் வேலையாக இருக்காது. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை உங்களுக்குப் பக்கம்தான், வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். வீட்டில் யாருக்காவது நீரிழிவு இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் ஜிம் மாஸ்டர் சொன்னதற்கு வருகிறேன். அக்கறையில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது தவறு. எந்த இறுக்கமான துணியும் கொழுப்பைக் கரைக்காது. உள்ளே சூடாகிக் கூடுதலாக வியர்க்கும், பயிற்சிக்குப் பின் தராசில் சிறிது குறைவாகவும் காட்டும். அது உடம்பிலிருந்து போன தண்ணீர். வீட்டுக்குப் போய் இரண்டு கோப்பை தேநீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும். கம்ப்ரஷன் உடைகளைப் பற்றி நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பயிற்சிக்கு மறுநாள் வரும் தசை நோவு சிலருக்குச் சற்றுக் குறைகிறது. தூக்கும் எடையோ ஓடும் வேகமோ கூடுவதாக நிலையான சான்று இல்லை. வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் அழுத்தக் காலுறைகள் வேறு வகை. அவற்றில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்பது மில்லிமீற்றர் பாதரச அளவில் குறிக்கப்பட்டிருக்கும். ஜிம் ஷோர்ட்ஸில் பெரும்பாலும் அப்படி எந்தக் கணக்கும் கிடையாது.

அப்படியானால் எதற்கு வாங்க வேண்டும்? நீங்கள் வாங்கிய காரணத்துக்காகவேதான். தோலும் தோலும் உரசாமல் இருப்பதற்கு இதைவிட நல்ல உடை இல்லை. ஸ்குவாட்டில் அமரும்போதும், தரையில் படுத்துக் காலைத் தூக்கும்போதும் உடை விலகுகிறதோ என்ற கூச்சமும் இல்லாமல் போகும். கூச்சமில்லாதபோது ஒரு பெண் முழு ஆழத்துக்கு அமர்ந்து எழுகிறாள், பயிற்சியும் முழுமையாகிறது. இதை நான் பல பெண்களிடம் பார்த்திருக்கிறேன்.

சரி, அளவு. இடுப்பில் சரியாக நிற்கிறது, தொடையில் சுருள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மலையகத்துப் பெண்களிடமிருந்து இதே முறைப்பாட்டை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! என் அம்மா முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். உடம்பு ஒல்லி, ஆனால் கால்கள் மட்டும் உருண்டு திரண்டவை. மலையில் ஏறி, கூடையோடு இறங்கி, மீண்டும் ஏறிய கால்கள். நீங்கள் கொழுந்து எடுக்காவிட்டாலும் லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கி ஏறித்தான் வளர்ந்திருப்பீர்கள், இப்போது நான்கு மாதமாக ஸ்குவாட்டும் செய்கிறீர்கள். அப்படிப்பட்ட தொடைக்கும் உங்கள் 29 அங்குல இடுப்புக்கும் உள்ள விகிதத்தை, எங்கோ வேறு உடல்களை வைத்துப் போட்ட அளவு அட்டவணை அறியாது. பேராதனையில் படித்த காலத்தில் நானும் இடுப்பை மட்டும் அளந்து வாங்கி, கால் விளிம்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே ஓடியிருக்கிறேன். குறை தொடையில் இல்லை. நாம் அளக்காமல் விட்டதில்தான் இருக்கிறது.

தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடா ஒன்று போதும். மெல்லிய உள்ளாடையோடு, இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு நில்லுங்கள். பின்புறம் மிக அகலமான இடத்தில் சுற்றி ஓர் அளவு. பிறகு பிட்டத்தின் மடிப்புக்குச் சற்றுக் கீழே, தொடை மிகப் பருமனாக இருக்கும் இடத்தில் ஓர் அளவு. நாடா தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டு தொடைகளையும் அளந்து பெரியதை எழுதிக்கொள்ளுங்கள். இடுப்பளவை, பட்டி எங்கே நிற்கப்போகிறதோ அங்கே எடுங்கள், தொப்புள் மட்டத்தில் நிற்கும் உயர்ந்த பட்டிக்கும் அதற்குக் கீழே நிற்கும் பட்டிக்கும் அளவு ஒன்றாக இருக்காது. முடிந்தால் கால் பயிற்சி முடித்த கையோடு தொடையை இன்னொரு தடவை அளந்து பாருங்கள். இரத்த ஓட்டம் கூடியிருப்பதால் சற்றுக் கூடுதலாகக் காட்டும். பயிற்சியில் நீங்கள் அணியப்போவது அந்தத் தொடையில்தானே.

மூன்று அளவுகளும் அட்டவணையில் மூன்று வேறு சைஸ்களில் விழுந்தால் மிகப் பெரியதையே எடுங்கள். இடுப்பு கொஞ்சம் தளர்ந்தால் உள்ளே நாடா உள்ளதாகப் பார்த்து வாங்கலாம், அல்லது ஒரு தையற்காரரிடம் கொடுத்துப் பட்டியைச் சிறிது பிடிக்கலாம். தொடையில் இறுக்கமானதைத் தளர்த்த வழியே இல்லை. எம், எல் என்ற எழுத்துக்களை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எல்லாக இருக்கும், இணையத்தில் வரும் பல சீனத் தயாரிப்புகள் எழுத்தைவிடச் சிறியதாகவே இருக்கும். அங்குலத்தில் அளவு போடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பல கடைகளில் இதை உள்ளாடைபோலக் கருதி அணிந்து பார்க்க விடமாட்டார்கள். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஷோர்ட்ஸை மேசையில் இழுக்காமல் தட்டையாகப் பரப்புங்கள். கால் வாய் விளிம்பின் அகலத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அந்த விளிம்பு உங்கள் தொடையில் எங்கே முடியுமோ, அந்த இடத்தின் சுற்றளவோடு ஒப்பிடுங்கள். நன்றாக இழுபடும் துணி உடம்பளவைவிட 10 முதல் 20 சதவீதம் வரை சிறிதாக இருப்பது வழக்கம். உங்கள் தொடை அந்த இடத்தில் 22 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், துணி 18 முதல் 20 அங்குலம் வரை இருக்கலாம். 16 என்றால் கடைக்காரர் எவ்வளவு இழுத்துக் காட்டினாலும் வைத்துவிட்டு வாருங்கள். இப்போது வீட்டில் இருக்கும் ஷோர்ட்ஸையும் இப்படி அளந்து பாருங்கள், அது ஏன் சுருள்கிறது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

சுருள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கால் நீளம் குறைவாக இருந்து, தொடையின் மிகப் பருமனான இடத்திலேயே விளிம்பு முடிந்தால், சரியான சைஸாக இருந்தாலும் மேலே ஏறும். கவட்டிலிருந்து விளிம்பு வரையுள்ள உள் நீளத்தைப் பாருங்கள். 3, 5, 7, 9 அங்குலம் என்று பல நீளங்களில் வருகின்றன. உங்களுக்குப் புண்ணாகும் இடம் எங்கே முடிகிறதோ, அதற்கு இரண்டு அங்குலமாவது கீழே விளிம்பு இருக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு 7 அங்குலம் போதும், நீங்கள் உயரமானவர் என்றால் 9.

வாங்கி வந்ததும் வீட்டில் வைத்தே, அட்டையை வெட்டுவதற்கு முன், பத்து நிமிடம் அணிந்து பாருங்கள். பட்டிக்குள் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். வெளிச்சத்தில் கண்ணாடிக்கு முதுகு காட்டி முழு ஆழத்துக்கு ஐந்து தடவை அமர்ந்து எழுங்கள். துணி ஊடுதெரிகிறதா, பட்டி கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். வாசற்படியில் ஏறி இறங்குங்கள். ஒரு காலை முன்வைத்துத் தாழ்ந்து அமருங்கள். பிறகு கழற்றிவிட்டுத் தோலைக் கவனியுங்கள். தையல் பட்ட இடத்தில் மெல்லிய கோடு விழுந்து சில நிமிடங்களில் மறைந்தால் பரவாயில்லை. பள்ளம் விழுந்தால், கால் நிறம் மாறினால், எங்காவது மரமரத்தால் அது உங்கள் அளவு இல்லை. மூச்சை வயிறு நிறைய இழுக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். பாரம் தூக்குபவருக்கு மூச்சு முக்கியம்.

துணியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நைலோன் அல்லது பொலியெஸ்டரோடு 15 முதல் 20 சதவீதம் வரை இலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்திருந்தால் நல்லது. ஸ்பான்டெக்ஸ் என்று எழுதியிருந்தாலும் அதே இழைதான், லைக்ரா அதன் ஒரு வணிகப் பெயர். 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூபோன்ட் நிறுவனத்தில் உருவான இழை அது. தனிப் பருத்தி வேண்டாம். அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மாலை ஆறு மணிக் குளிரில் ஈரப் பருத்தியோடு ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றால் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆனால் தையலை உள்பக்கம் திருப்பிக் கட்டாயம் பாருங்கள். தொடையின் உட்புறம் வரும் தையல் விரலுக்குத் தட்டுப்படாமல் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். கயிறுபோல் துருத்தி நின்றால், உரசலைத் தடுக்க வாங்கிய உடையே உங்களை உரசும். கவட்டுப் பகுதியில் நான்கு தையலும் ஒரே புள்ளியில் சந்திக்காமல், தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருப்பதே பெண்களுக்கு ஏற்றது. ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட உடைகள் விற்கும் கடைகளில் நல்ல சரக்கு கிடைக்கும். அங்கே தையலை இரு கையாலும் இழுத்து நூல் அறுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உலகத்தின் பெரிய விளையாட்டு உடை நிறுவனங்களுக்கு இந்த நாட்டில்தான் தைக்கிறார்கள். கட்டுநாயக்காவிலும் பியகமவிலும் பல்லேகலையிலும் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் தைக்கும் நல்ல உடை அவர்களுடைய அக்கா தங்கைகளுக்குச் சரியான அளவில் ஊர்க் கடையில் கிடைக்காதது எனக்கு நெடுநாள் வருத்தம்.

நாள் முழுவதும் அணிவதைக் கட்டாயம் நிறுத்துங்கள். சேலைக்குள் நடக்கும்போது தொடை உரசுகிறது என்பதால்தான் அப்படிச் செய்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தத் தேவைக்கு வேறு உடை இருக்கிறது. மென்மையான பருத்தியில், இறுக்கமே இல்லாத, முழங்காலுக்கு மேல் நிற்கும் உள் காற்சட்டை ஒன்றைப் பாடசாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்துத் தையல் அக்காவே தைத்துத் தருவார். இனி வாங்கப்போகும் கம்ப்ரஷன் ஷோர்ட்ஸை ஜிம்மில் சேலை மாற்றும்போது அணிந்து, பயிற்சி முடிந்ததும் அங்கேயே கழற்றிவிடுங்கள். வியர்வை ஈரத்தோடு நாள்தோறும் கிடந்தால் தொடை இடுக்கில் படர்தாமரை வரும். வட்டமாகச் சிவந்து விளிம்பு தடித்து அரித்தால் அதுதான். அப்போது பக்கத்து வீட்டில் கொடுக்கும் களிம்பைப் பூசாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும், முதலில் அரிப்பு அடங்கும், பிறகு இருமடங்காகப் பரவும். வைத்தியரிடம் காட்டி மருந்து எடுங்கள்.

இப்போது இருக்கும் உரசல் புண் முதலில் ஆறட்டும். ஒரு வாரம் கைக்கும் தோளுக்குமான பயிற்சிகளைச் செய்யுங்கள். ஆறிய பிறகு, நடக்கப் போகுமுன் அந்த இடத்தில் மெல்லிய படலமாக வாஸ்லின் தடவினால் போதும்.

அடுப்புக்கு மேல் கொடியில் போடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை நம் மேற்குச் சரிவில் வெயில் முகம் காட்டாது, எனவே எல்லா வீட்டிலும் துணி அடுப்பங்கரைக்குத்தான் போகிறது. ஆனால் இலாஸ்டேன் இழைக்குச் சூடு பகை. இழுபட்டுத் திரும்பும் தன்மையை அது கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும், புகை வாடையும் ஏறிவிடும். பச்சைத் தண்ணீரில் மென்மையான சவர்க்காரம் போட்டுக் கையால் அலசுங்கள். வெளுக்கும் திரவமும், துணியை மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துவாய் ஒன்றில் வைத்துப் பாய்போல் சுருட்டி அழுத்துங்கள். பாதித் தண்ணீரைத் துவாய் எடுத்துவிடும். பிறகு காற்றுப் படும் இடத்தில் நிழலில் தொங்கவிடுங்கள். நைலோன் சேலைபோலச் சீக்கிரம் காயும். இரண்டு ஷோர்ட்ஸ் இருந்தால் மாற்றி மாற்றி அணியலாம். முழுவதும் காயாததை மட்டும் எந்த அவசரத்திலும் அணியாதீர்கள்.

அம்மாவைப் பற்றி. அவருடைய கவலையைப் பிழையென்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊர் வாய் எப்படியென்று அவருக்குத் தெரியும். நீங்கள் அதை மட்டும் அணிந்து வெளியே போவதில்லை, மேலே தளர்வான காற்சட்டை அணிகிறீர்கள் என்பதை விளக்குங்கள். தொடைப் புண்ணையும் ஒரு தடவை காட்டுங்கள். மழையில் நனைந்த சேலையோடு மலையில் நின்று தொடை உரசிய வேதனை அந்தத் தலைமுறைக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் அம்மா இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போனதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கும் அப்படியொரு நினைவு இருக்கக்கூடும்.

மரமரப்பு முழுவதும் போகும்வரை புதிய ஷோர்ட்ஸ் வாங்க வேண்டாம். அதற்குள் மூன்று அளவுகளையும் எடுத்து வைத்திருங்கள். ஒரு மாதம் கழித்தும் வலது தொடை இப்படியே இருந்தால் வைத்தியரைப் பார்த்துவிட்டு, அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். சரியாகிவிட்டால் அளவுகளை எழுதி அனுப்புங்கள், எந்த நீளம், எந்த சைஸ் என்று சேர்ந்தே பார்ப்போம்.